படம் பன்னிரண்டு அனுப்பவும்

ஊருக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, எங்கள் ஜெபக்குழுப் பொருளாளரிடமிருந்து வாட்ஸ்அப் வந்துவிட்டது. "அண்ணாச்சி, அறிக்கை ரெண்டு பக்கம், படம் பன்னிரண்டு அனுப்பவும். ஊழியர்களுக்குக் கவர் கொடுக்கிற படம் கண்டிப்பா இருக்கட்டும்." ஊழியர்கள் என்று அவர் சொன்னது நாங்கள் போய்ப் பார்த்த போதகர்களை. அறிக்கையை மறுநாளே எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் கிடையாது. 23 போதகர்கள், மூன்று நாள் முகாம், இத்தனை தேவசெய்தி, இத்தனை ஜெபவேளை, எல்லாம் இருக்கிறது. படங்களில்தான் சிக்கிக்கொண்டேன். கேமராவில் 412 படங்கள் கிடந்தன. கடைசியில் அனுப்பியது ஏழு. அந்த ஏழிலும் நாலு மலை, ஒன்று அருவி.

அறிக்கையில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் போனது 2024 பிப்ரவரியில், இலங்கை மலையகத்துக்கு, ஹட்டன் பக்கம். எட்டு நாள். 'ஊழியர்களை உற்சாகப்படுத்தும் முகாம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தோம். போனவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர்தான் தலைவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. நாசரேத் பக்கத்துக் குருவானவர் ஒருவர். முப்பது வருஷம் நர்ஸாக இருந்த ஓர் அக்கா, போதகர்களின் மனைவிமாரிடம் பேசுவதற்கு. கீபோர்டு வாசிக்க ஒரு தம்பி. ஐந்தாவது நான். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவனுக்குப் பிரசங்கம் எங்கே வரும்? கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழக்கம் உண்டு என்பதால் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்திவிட்டு வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எங்கள் குருவானவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழைத்த சபையே எழுதிக் கேட்டு, முறைப்படி அனுமதி வாங்கித்தான் போனோம். அதனால் மூன்று மாதம் தள்ளிப்போனது. அது நல்லதாகவும் போயிற்று. நவம்பரில் போயிருந்தால் மழையில் ஒரு மலையையும் பார்த்திருக்க மாட்டோம்.

ஏன் இலங்கை என்று கேட்டால் திருநெல்வேலிக் கிறிஸ்தவனுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது. எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எழுதிவைத்திருக்கும் வரிகளுக்கு நடுவில், பென்சிலில், 'டிக்கோயா' என்று ஒரே ஒரு வார்த்தை உண்டு. என் பாட்டனாரின் சித்தப்பா ஒருவர் அங்கே உபதேசியாராகப் போனாராம். போனவர் திரும்பவில்லை. சிலோன் தாத்தா என்று பேச்சில் வருவாரே தவிர முகம் தெரியாது, படமும் கிடையாது.

அவர் மட்டும் போனவர் இல்லை. 1854ல் சர்ச் மிஷனரி சொசைட்டிக்காரர்கள் மலைத்தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. பின்னாளில்தான் கூச்சப்பட்டு அதைத் தமிழ்ச் சபை மிஷன் என்று மாற்றினார்கள். அப்போது தேயிலை இல்லை, கோப்பிக் காலம். பிரசங்கிக்க ஆள் வேண்டுமே என்று தேடியபோது கிடைத்தது திருநெல்வேலி. இங்கிருந்து உபதேசிமாரைக் கொண்டுபோய்த் தோட்டம் தோட்டமாக நடக்கவிட்டார்கள். செலவில் ஒரு பங்கைத் தோட்டத் துரைமாரே கொடுத்தார்கள். துரை காசு கொடுத்து வைத்த உபதேசி துரையைப் பற்றி என்ன பேசியிருக்க முடியும் என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதைச் சிலோன் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.

மதுரையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் போய்ச் சேரத்தான் அதைவிட அதிக நேரம். இறங்கி, வேனில் அவிசாவளை, கித்துல்கல வழியாக ஏற ஏற, ரப்பர் மரங்கள் போய்த் தேயிலை வந்தது. கினிகத்தேனைக்கு மேலே வழியோரம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள் என்று டிரைவர் சொன்னார். சாருக்கு அது பிடிக்கவில்லை. "இதையும் ஒரு பிழைப்பா வச்சிருக்காவளே" என்றார். எனக்கென்னவோ அது நேர்மையான வியாபாரமாகவே பட்டது. ஆனாலும் வேனை நிறுத்தச் சொல்லவில்லை.

ஹட்டனில் அந்த இரவுக் குளிருக்கு எங்களில் யாரும் தயாராக இல்லை. கீபோர்டு தம்பி பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டுதான் சாப்பிட வந்தான்.

முகாம் நடந்தது ஒரு சபையின் பழைய கட்டடத்தில். வந்த 23 பேரில் நாலைந்து பேர் பழைய சபைகளைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் சிறு சுயாதீன சபைப் போதகர்கள். முப்பது பேர், நாற்பது பேர் கூடுகிற சபைகள். மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை என்று பல பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். சிலர் பஸ் வரும் சந்திக்கே ஆறேழு கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. காலில் மட்டும் சிவப்பு மண்.

முதல் நாள் காலை சாரின் செய்தி. 'சோர்ந்துபோகாத ஊழியன்' என்று தலைப்பு, புரொஜெக்டரில் படங்களோடு. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய், சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாகக் கேட்ட இடம். சார் நன்றாகத்தான் பேசினார். நான் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் அப்படியே தலை சாய்ந்து தூங்கிப்போனார். சாதாரணத் தூக்கமில்லை, வாய் திறந்த தூக்கம். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பப் பார்த்தார். நான் அதையும் ஒரு படம் எடுத்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தேநீர் இடைவேளையில் அவரே என்னிடம் வந்து சிரித்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, முன்பல் ஒன்று இல்லை. "கோவிச்சுக்காதீங்கய்யா. வர்ற டீமெல்லாம் எலியாவோடதான் வர்றாங்க. எனக்கு இது மூணாவது எலியா." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் விடவில்லை. "பாருங்க, அங்க தேவதூதன் வந்து செய்தி கொடுக்கலியே. அடையச் சுட்டு, தண்ணியும் வச்சு, எழும்பிச் சாப்பிடுன்னுதான சொன்னாரு. ரெண்டு தடவ." பிளேன்டீயைக் குடித்துவிட்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியை நக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் சாரிடம் இதைச் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, மறுநாள் மதியத்துக்கு வைத்திருந்த 'தலைமைத்துவம்' வகுப்பை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'ஓய்வு' என்று எழுதினார். அந்த இரண்டு மணி நேரம் கட்டடம் முழுக்கக் குறட்டை. எட்டு நாளில் எங்கள் குழு செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவர்கள் ஏன் அப்படித் தூங்கினார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. தோட்டத்தில் நிலம் கம்பெனியுடையது, லயமும் கம்பெனியுடையது. லயமென்றால் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், அதாவது அறைகள். பல லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் அந்தக் காம்பரா நிலைக்கும். அதனால் போதகர் முழுநேர ஊழியம் செய்ய வேண்டுமென்றால் அவர் மனைவி கொழுந்து எடுக்கிறார். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுக்கூலி. குறைந்தால் அரைப்பேர். நாங்கள் போனபோது ஒரு பேருக்கு 1000 ரூபாய். அதையே 2021ல்தான், பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் ஒன்றிரண்டு கிலோ கழிப்பார்கள். ஆக, ஒரு மலையகச் சபையின் ஆஸ்தி என்னவென்று கேட்டால், அது ஒரு பெண்ணின் முதுகில் தொங்குகிறது.

2021ல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தது. சில மாதத்தில் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் செடிக்கு அது தெரியாதே. கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்ததால் பேர் குறைந்தது, பேர் குறைந்ததால் காணிக்கைப் பையில் நோட்டுப் போய்ச் சில்லறை வந்தது. அடுத்த வருஷமே நாடு முழுக்கப் பெட்ரோல் வரிசை, பால்மா இல்லை, கேஸ் இல்லை. வாலிபர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கார்மென்ட்ஸுக்கும் போய்விட்டார்கள். சபையில் மிச்சம் கிழவிகளும் பிள்ளைகளும். இதை அவர்கள் புலம்பலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

வங்கிக்காரன் புத்தி எனக்கு. ஒருவரிடம் மாதக் காணிக்கை எவ்வளவு வரும் என்று கேட்டேன். சுமாராகப் பத்தாயிரம் என்றார். இலங்கை ரூபாய், நம் காசுக்கு மூவாயிரம்கூட வராது. எங்கள் ஐந்து பேருக்கும் விமானம், வேன், முகாம் சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து இருபதாயிரம் ஆகியிருந்தது. அன்று இரவு போர்வைக்குள் படுத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன். அவருடைய பத்து வருஷக் காணிக்கை. அந்தப் பணத்தை அப்படியே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அனுப்பியிருக்க மாட்டோம் என்பதுதான் உண்மை. போகிறோம் என்றதால்தான் ஜனங்கள் கொடுத்தார்கள். ஐந்து பேரை விமானம் ஏற்றிவிடக் கொடுக்கிற கை, முகம் தெரியாத ஒருவருடைய அரிசிக்கு அவ்வளவு சீக்கிரம் நீள்வதில்லை.

முகாம் முடிந்து, நாங்கள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போதகர் வீடுகளில் தங்கினோம். சாரும் நானும் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். மூன்றாவது எலியாக்காரர்தான் எங்களை அழைத்துப் போனவர். ஆட்டோ ஒரு வளைவோடு நின்றுவிட்டது. மீதி ஏற்றம் நடை. சார் நாலு இடத்தில் உட்கார்ந்தார்.

லயத்தின் முன்பக்க இஸ்தோப்பில், நம் திண்ணை மாதிரி, பாய் விரித்து வைத்திருந்தார்கள். போதகரின் அம்மா, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், உள்ளேயிருந்து தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சார் வாங்கிக்கொள்கிற நேரம் பார்த்து ஒன்று எடுத்தேன். வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்ததால் நன்றாக விழவில்லை.

இரண்டாவது படத்துக்குக் கேமராவைத் தூக்கியபோதுதான் போதகரின் மனைவி வந்தார். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்; இடுப்பில் கட்டின படங்குச் சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அதக் கொஞ்சம் உள்ள வச்சிருங்க."

வைத்துவிட்டேன். காரணம் ராத்திரி ரொட்டி தட்டும்போது சொன்னார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு டீம் வந்திச்சு. எந்த ஊரு, எந்த ஊழியம்னு சொல்ல மாட்டேன். நல்லா ஜெபிச்சாங்க, பிள்ளைங்களுக்கு இனிப்பெல்லாம் கொடுத்தாங்க. நம்ம பிள்ள அப்ப பீலிக்கிட்ட தண்ணி புடிச்சிட்டு நின்னிச்சு. தண்ணிக்குப் போறப்ப யாரு நல்ல சட்ட போடுவா? கிழிஞ்ச சட்ட. இவரும் பக்கத்துலதான் நின்னாரு, வாளியத் தூக்கிக்கிட்டு. எடுத்தாங்க. போயிட்டாங்க."

ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"போன வருஷம் ஸ்கூல்ல ஒரு பிள்ள போன்ல காட்டியிருக்கு, இது நீதானேன்னு. தகப்பனில்லாத பிள்ளைக்கு உதவுங்கன்னு போட்டிருக்கு. இவர வெட்டிட்டாங்கண்ணே. கை மட்டும் இருக்கு, வாளி புடிச்ச கை."

போதகர் மூலையில் உட்கார்ந்து சிரித்தார். "நான் உசுரோடதான் இருக்கேன்னு ஒரு லெட்டர் போடலாம்னு பாத்தேன். அட்ரஸ் இல்ல." மனைவி சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை, பதின்மூன்று வயது, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மங்கலாக எரிந்த பல்புக்குக் கீழே கணக்கு நோட்டை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாளாம். சார் அந்த இரவு ஜெபத்தை மிகச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவருடைய வழக்கம் அது கிடையாது.

வெளியே வந்து பார்த்தால் தூரத்தில் சிவனொளிபாத மலையில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. டிசம்பரிலிருந்து மே வரைக்கும் யாத்திரை சீசன். மலையுச்சி வரை ஒரு கோடு மாதிரி வெளிச்சம். அது நன்றாகப் படம் விழுந்தது. அனுப்பிய ஏழில் ஒன்று.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை எத்தனை மணிக்கு என்று சார் கேட்டார். "மத்தியானம் மூணு மணிக்குங்கய்யா" என்றார் போதகர். எங்களுக்குப் புரியவில்லை. ஞாயிறு காலையில் கைக்காசு. பேருக்குக் கணக்கு வேறு; இது லீவு நாளில் எடுக்கிற கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு. பள்ளிப் புத்தகம், கடைக் கடன் எல்லாம் அதில்தான். "காலையில வச்சா நீங்களும் நானும் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், ஓய்வுநாளில் கொழுந்து எடுப்பது பாவம் என்று அதே காம்பராவில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாராம். அடுத்த வாரம் மூன்று குடும்பம் வரவில்லை. அவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துத் திரும்பக் கொண்டுவர இவருக்கு எட்டு மாதம் பிடித்தது. பிரசங்கியார் பேசியது ஒரு மணி நேரம்.

மூன்று மணிக்குக் காம்பரா நிறைந்தது. இருபத்தாறு பேர். அது சபைக் கட்டடம் இல்லை, அவர்கள் வீடுதான். கட்டிலை வெளியே தூக்கி வைத்துவிட்டுப் பாய் விரிக்கிறார்கள். புதிதாக வழிபாட்டுத்தலம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டுமென்று 2008ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு முன்னால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல், ஜெபவீடு என்ற பெயரில் இப்படியே ஓடுகிறது. 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் குண்டு வெடித்த பிறகு, பாதுகாப்புக்கு ஆள் நிறுத்தச் சொன்னார்களாம். இங்கே யாரை நிறுத்துவது? போதகரின் அம்மாதான் இரண்டு மாதம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பையை வாங்கிப் பார்த்தாராம். எல்லோரும் ஒரே லயத்துக்காரர்கள். "உள்ள வெத்தலதான் இருக்குன்னு தெரியும், இருந்தாலும் பாப்பேன்" என்றார் பாட்டி.

அவர் பேச ஆரம்பித்தால் நிற்காது. 1964 ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கமும் எழுதிக்கொண்டபோது, அவர் கணவரின் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறியது. இவர்கள் விண்ணப்பம் எங்கேயோ சிக்கி நின்றுவிட்டது. 1948ல் பறித்த குடியுரிமை முழுசாகத் தீர்ந்தது 2003 சட்டத்தில்தான். அதுவரை இவர் எந்த நாட்டவரும் இல்லை. "அண்ணன் கோத்தகிரியில இருக்காரு. அங்கயும் கொழுந்துதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க மலை இவ்வளவு ஏத்தமில்லன்னு எழுதியிருந்தாரு" என்று சேர்த்துக்கொண்டார். 2023ல் மலையக மக்கள் வந்து 200 வருஷமானதற்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் நடந்தார்களே, அதில் கடைசி நாள் மகன் போய்ச் சேர்ந்துகொண்டார். பாட்டிக்கு அது புரியவே இல்லை. "எங்க ஆளுங்க காட்டு வழியா செத்துச் செத்து நடந்து வந்த பாதை. இவனுங்க வேணும்னே நடக்குறானுங்க."

திங்கட்கிழமை போதகர் எங்களைப் பொகவந்தலாவ அழைத்துப் போனார். வழியில் டிக்கோயாவில் ஏரிக்கு மேலே இருக்கும் வார்லி தேவாலயத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 1878ல் கட்டியது. கல்லறைகள் பூராவும் துரைமாரும் அவர்கள் பிள்ளைகளும். உபதேசிமார் யாருக்கும் கல் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்தேனா என்றால், ஆமாம், கொஞ்சம்.

பொகவந்தலாவ புனித மரியாள் ஆலயத்தில் பார்க்க ஒன்று உண்டு என்று போதகர் சொன்னார். "உங்க தொழில்காரங்க ஒருத்தங்க இருக்காங்க." ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கி, இங்கிலாந்தின் பெரிய கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் படம் எடுத்துப் பேர் வாங்கினவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். 1875ல் வந்தார், 1879ல் இறந்தார், கணவரோடு இந்த மண்ணில் கிடக்கிறார். இலங்கையில் அவர் எடுத்ததில் மிஞ்சியிருப்பது சொற்பம். இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்கு டென்னிசன், டார்வின் என்று பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த தொழிலாளிகள் படங்களில் பெரும்பாலும் பெயர் கிடையாது. எனக்கு இது முன்பே தெரியும், எங்கோ படித்தது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் என் கேமராவில் இருந்த 23 போதகர்களில் எத்தனை பேர் பெயர் எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

கவர் விவகாரம் கடைசி நாள் ஹட்டனில் நடந்தது. எல்லோரும் திரும்பக் கூடினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கவர், இலங்கை ரூபாய் பதினைந்தாயிரம். ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக் கொடுக்க வேண்டும், நான் படம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் எடுக்க மாட்டேன் என்றேன். குருவானவர், "கொடுத்தவங்களுக்குக் கணக்கு காட்டணும்லாய்யா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வங்கியில் முப்பது வருஷம் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை நான். ஜனங்கள் வயிற்றைக் கட்டிக் கொடுத்த பணம், போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டோம். சார்தான் முடித்துவைத்தார். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வரச்சொன்னார். பெயர், சபை, தொகை, கையெழுத்து. சமையல்கட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தோம். 23 பெயர்களையும் நானே எழுதினேன். நம் ஊர்ப் பொருளாளர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து யாரு வேணாலும் போடலாம் அண்ணாச்சி" என்றார். அடுத்த வருஷப் பயணத்துக்குக் காணிக்கை இந்தத் தடவை கொஞ்சம் மந்தம்தான். என் ஏழு படங்களும் அதற்கு ஒரு காரணம் என்று காதில் விழுகிறது.

ஜூலையில் ஒரு நாள் மஸ்கெலியாவிலிருந்து போன். மூன்றாவது எலியாக்காரர். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஐயா, அம்மா தவறிட்டாங்க, முந்தாநாள். அடக்கம் முடிஞ்சிருச்சு. ஞாபகார்த்தக் கூட்டத்துக்கு வைக்க ஒரு போட்டோ இல்லய்யா. ஐடென்டி கார்டுல இருக்கிறது அழிஞ்சு போச்சு. நீங்க வந்தப்ப ஏதும் எடுத்தீங்களா?"

412 படத்தையும் திரும்பப் பார்த்தேன். பாட்டி வாசலில் முக்காலியில் உட்கார்ந்து கதை சொன்னது, வெற்றிலை இடித்தது, சாருக்கு விபூதி மாதிரி நெற்றியில் கை வைத்து ஜெபித்தது, எதுவும் இல்லை. கேமரா பைக்குள் இருந்தது. இருந்தது ஒன்றுதான். இஸ்தோப்பில், எதிர்வெளிச்சத்தில், சாருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற படம். நடுவில் சார் சிரிக்கிறார். பாட்டி பின்னால், முக்கால் முகம், கண் கோப்பையின் மேல்.

சாரை வெட்டினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். கோப்பையும் போயிற்று, பாட்டியின் கைகளும் போயின. என்ன வெட்டியும் சாரின் தோள்பட்டை மட்டும் போகவில்லை. பாட்டியின் தாடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் போதகர் ஒரு படம் அனுப்பினார். காம்பராச் சுவரில், பிளாஸ்டிக் பூமாலை போட்ட சட்டத்துக்குள் பாட்டி, கீழே பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. ஹட்டனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்ததாம். சாரின் சந்தனக் கலர் சட்டைக்கு ஸ்டுடியோக்காரர் ஒரு கரை வரைந்து, அதைப் பாட்டியின் சேலைத் தலைப்பாக ஆக்கிவிட்டிருந்தார். சாரிடம் இன்னும் காட்டவில்லை.